ஆடுகிற ஈஸ்ட்டை ஆடித்தான் கறக்கணும்

பயோடெக் படிக்கும் யாரையாவது நிறுத்தி, ‘ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எப்படித் தயாராகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் பதில் வரும். வைரஸின் ஜீனை வெட்டு, பிளாஸ்மிட்டில் ஒட்டு, ஈஸ்ட்டுக்குள் செலுத்து, ஈஸ்ட் வளரும், வைரஸ் புரதம் வெளியே வரும், வடிகட்டிச் சுத்தம் செய், ஊசியில் ஏற்று. ஐந்து மார்க்! வட்டமாக ஒரு பிளாஸ்மிட் படம் போட்டால் கூடுதலாக ஒரு மார்க்.

இந்தப் பதிலில் ஒரு வரி பச்சைப் பொய். ‘வைரஸ் புரதம் வெளியே வரும்’ என்கிற வரி.

வராது. ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை ஈஸ்ட் தயாரிக்கும். ஆனால் வெளியே விடாது, உள்ளேயே அடைத்து வைத்துக்கொள்ளும். தொழிற்சாலையில் அந்தச் செல்களை நசுக்கி உடைத்துத்தான் புரதத்தை எடுக்கிறார்கள். 1986-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, மனிதர்களுக்கான முதல் மரபணுப் பொறியியல் தடுப்பூசியில் இருந்தே இதுதான் கதை.

வெளியே வந்தால் என்ன, உடைத்து எடுத்தால் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றலாம். ஒன்றல்ல. தானாக வெளியே வரும் புரதம் பெரும்பாலும் சுத்தமான திரவத்தில் மிதக்கும். உடைத்து எடுத்தால் செல்லின் கொழுப்பு, நியூக்ளிக் அமிலம், ஆயிரக்கணக்கான சொந்தப் புரதங்கள் எல்லாம் சேர்ந்து கூழாக வரும். அந்தக் கூழிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க ஒவ்வொரு படியிலும் நேரமும் பணமும் போகும், புரதமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலையும். அந்தச் செலவு கடைசியில் ஊசியின் விலையில்தான் போய் உட்காரும்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ‘ஜீனை எப்படி உள்ளே போடுவது?’ என்பதல்ல. அது 1982-லேயே தீர்ந்த கேள்வி. அந்த ஆண்டே ஈஸ்ட்டில் ஹெபடைடிஸ் பி புரதத்தைத் தயாரித்துக் காட்டிவிட்டார்கள். இன்று வரை ஆய்வகங்களைப் படுத்தும் கேள்வி, ‘புரதம் ஏன் வெளியே வர மறுக்கிறது?’ என்பதே. இதற்கான பதிலில் பெரும்பகுதி ஒரே சொல்லில் இருக்கிறது: ஸ்ட்ரெஸ். ஈஸ்ட் படும் நெருக்கடி.

ஆனால் வகுப்பறைப் பேச்சில் ஈஸ்ட் என்றால் ‘குட்டித் தொழிற்சாலை’. பொத்தானை அமுக்கினால் சரக்கு வரும். வரவில்லையா? இன்னும் பலமாக அமுக்கு. இன்னும் வலுவான புரமோட்டர் போடு. ஜீனை ஒன்றுக்குப் பத்தாகப் போடு. அடித்தால் மாடு பால் கறக்கும் என்று நம்புகிறவன் புத்திதான் இது.

கிராமத்தில் படிக்காத பாட்டி சொல்லுவார், ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்று. ஈஸ்ட் விஷயத்தில் இது அறிவியல்பூர்வமான உண்மை.

வெளியே போக வேண்டிய புரதம் நேராக வாசலுக்குப் போய்விட முடியாது. முதலில் எண்டோபிளாச வலைக்குள் நுழைய வேண்டும். அங்கே சரியான வடிவத்துக்கு மடிய வேண்டும், தேவையான கந்தகப் பிணைப்புகள் போட வேண்டும், சில இடங்களில் சர்க்கரைச் சங்கிலி ஒட்ட வேண்டும். பிறகு கோல்கை, பிறகு குமிழ்கள், பிறகுதான் செல்சவ்வு. இந்தப் பாதையின் ஒவ்வொரு நிறுத்தத்தையும் ராண்டி ஷெக்மன் குழு 1979 தொடங்கி ஈஸ்ட்டை வைத்தே கண்டுபிடித்தது. பாதையில் எந்த ஜீன் கெட்டால் எந்த இடத்தில் சரக்கு தேங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 2013-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

கல்யாண வீட்டுச் சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு பேருக்கு ஏற்பாடு. வந்தது இரண்டாயிரம் பேர். அடுப்பு அதே நான்கு, ஆள் அதே ஆறு. மாவை மட்டும் மூட்டை மூட்டையாக உள்ளே தள்ளினால் என்ன ஆகும்? வடை வெளியே வராது. அரைவேக்காடு உள்ளே குவியும், கருகியது குப்பைக்குப் போகும், கடைசியில் சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டுக் கிளம்புவார்.

எண்டோபிளாச வலையில் நடப்பதும் இதுவே. மடியாத புரதங்கள் குவிந்ததும், வலையின் சவ்வில் உட்கார்ந்திருக்கும் ஐர்1 என்கிற காவல்காரப் புரதம் விழித்துக்கொள்கிறது. அது ஹேக்1 என்ற செய்தி ஆர்.என்.ஏ.வின் நடுவில் இருக்கும் தடையை வெட்டி எறிகிறது. அதன் பிறகே ஹேக்1 புரதம் உருவாகி, நியூக்ளியசுக்குப் போய் நூற்றுக்கணக்கான ஜீன்களை முடுக்குகிறது. மடிக்க உதவும் ஆட்கள் கூடுகிறார்கள், சமையல்கட்டு பெரிதாகிறது, கெட்டுப்போன சரக்கை வெளியே இழுத்து அழிக்கும் வேலையும் கூடுகிறது. 1993-ல் பீட்டர் வால்டர், கஸுடோஷி மோரி ஆகியோரின் ஆய்வுகள் ஐர்1-ஐ அடையாளம் காட்டியதும் ஈஸ்ட்டில்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் நோக்கம் ஆய்வாளருக்குப் புரதம் தருவதல்ல. செல் பிழைப்பது. அதற்குத் தேவைப்பட்டால், மாதக்கணக்கில் உழைத்து உள்ளே நுழைத்த அந்த அருமையான வைரஸ் புரதத்தைக் கூசாமல் குப்பையில் போடும். செல்லைப் பொறுத்தவரை அது யாரோ கொண்டு வந்து இறக்கிய வேண்டாத சரக்கு!

ஆதாரம் இல்லாமல் சொல்வதல்ல இது. 1995-ல் விட்ரப் குழு, மாட்டின் சிறிய புரதம் ஒன்றின் ஜீனைப் பல பிரதிகளாக ஈஸ்ட்டில் போட்டுப் பார்த்தது. செல்லின் மடிப்புத் திறனும் சுரப்புத் திறனும் நிரம்பி வழிந்துவிட்டன. ஜீன் கூடியது, வெளியே வரும் புரதம் அதற்கேற்பக் கூடவில்லை. அதே குழு அதற்கு முந்தைய ஆண்டு வேறொன்றைச் செய்து காட்டியிருந்தது. மடிப்புக்கு உதவும் நொதி ஒன்றைக் கூட்டிக் கொடுத்ததும், மனித வளர்ச்சிக் காரணி ஒன்றின் சுரப்பு பத்து மடங்கு உயர்ந்தது. மாவு மூட்டையைக் கூட்டாமல் ஆளைக் கூட்டினார்கள், அவ்வளவுதான்.

வைரஸ் புரதங்களுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி வைரஸ்களின் மேற்பரப்புப் புரதங்களை ஈஸ்ட்டில் தயாரிக்க முயன்ற லிதுவேனியா நாட்டின் வில்னியஸ் ஆய்வாளர்கள், 2011-ல் வெளியிட்ட முடிவு சுவாரசியமானது. அந்தப் புரதங்கள் எண்டோபிளாச வலைக்குள்ளேயே சரியாக நுழையவில்லை. வாசலுக்கு வெளியே, சைட்டோபிளாசத்திலேயே கட்டியாகத் திரண்டு நின்றுவிட்டன. செல் அந்தக் கட்டிகளைச் சமாளிக்கவே தன் மீட்புப் படையை அனுப்பிக்கொண்டிருந்தது. ஆனால் அதே தட்டம்மை வைரஸின் உட்புறத்தில் இருக்கும் நியூக்ளியோபுரதத்தை ஈஸ்ட் தாராளமாகத் தயாரிக்கிறது. அதே வைரஸ், அதே ஈஸ்ட். ஒரு புரதத்துக்குச் சமையல்கட்டு வழியாகப் போக வேண்டிய தேவை இருக்கிறது, மற்றதற்கு இல்லை. வித்தியாசம் அங்கேதான். ‘ஜீனைப் போட்டால் புரதம் வரும்’ என்கிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

ஹெபடைடிஸ் பி புரதமும் விதிவிலக்கல்ல. நோயாளியின் கல்லீரல் செல் இந்தப் புரதத்தை 22 நானோமீட்டர் உருண்டைகளாக ரத்தத்தில் கொட்டுகிறது. 1981-ல் வந்த முதல் தலைமுறைத் தடுப்பூசி, நோய் தொற்றியவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த அந்த உருண்டைகளால் ஆனது. ஈஸ்ட்டில் அப்படி நடப்பதில்லை. பிக்கியா என்ற ஈஸ்ட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, புரதம் எண்டோபிளாச வலையில் அடுக்கடுக்காகத் தேங்கிக் கிடந்தது. உருண்டைகள் செல்லுக்குள் இல்லை. செல்லை உடைத்துச் சுத்தம் செய்யும்போதுதான் உருவாகின்றன என்று அந்த ஆய்வு சொன்னது. 2012-ல் வந்த இன்னோர் ஆய்வு, அதே செல்களில் நெருக்கடியைச் சமாளிக்கும் புரதங்கள் கூடுவதையும், செல் தன் உறுப்புகளையே தின்னத் தொடங்குவதையும் பதிவு செய்தது.

பிக்கியாவுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. அதைப் புரதம் தயாரிக்கத் தூண்ட மெத்தனால் ஊட்டுவது வழக்கம். மெத்தனாலை அது செரிக்கும்போது ஃபார்மால்டிஹைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகின்றன. சமையல்கட்டில் கூட்டம் நெரிகிற நேரத்தில் பின்கட்டில் புகையும் போடுகிற மாதிரி! இந்தப் பாடுகளை எல்லாம் தாண்டித்தான் 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் பிக்கியாவில் தயாரித்த ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. இறக்குமதி ஊசியை மட்டும் நம்பியிருந்த நாட்டில் விலை இறங்க அது வழி செய்தது. 2011-ல் இந்தத் தடுப்பூசி இந்தியா முழுக்கக் குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. அந்த உழைப்பை ‘ஜீனை வெட்டு, ஒட்டு’ என்று ஒரே வரியில் முடிப்பது எவ்வளவு பெரிய அவமரியாதை?

இனி, இதைவிடப் பெரிய தப்பாட்டத்துக்கு வரலாம்.

ஒரு மாணவர் ப்ராஜெக்ட் செய்கிறார். ஈஸ்ட்டுக்குச் சூடு கொடுக்கிறார், உப்பைக் கூட்டுகிறார், பட்டினி போடுகிறார். பிறகு வளர்ப்புத் திரவத்தை எடுத்துப் பார்த்தால்... ஆஹா, வைரஸ் புரதம் முன்பைவிட அதிகம்! ‘ஸ்ட்ரெஸ் கொடுத்தால் புரதச் சுரப்பு கூடுகிறது’ என்று முடிவுரை எழுதுகிறார். கைதட்டல்.

ஒரே ஒரு கேள்வி: அந்தச் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா?

செத்த செல்லின் சவ்வு கிழியும். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டும், வைரஸ் புரதமும் சேர்ந்து கொட்டும். அதற்குப் பெயர் சுரப்பு அல்ல, கசிவு. வீடு இடிந்து பீரோ தெருவில் விழுந்ததை ‘வீட்டுக்காரர் தானம் செய்தார்’ என்று யாராவது எழுதுவார்களா?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு போதும். செத்த ஈஸ்ட் நீலமாக நிற்கும், உயிருள்ளது நிறமற்று இருக்கும். இன்னும் உறுதி வேண்டுமா? சைட்டோபிளாசத்தை விட்டு வெளியே வரக் காரணமே இல்லாத நொதி ஒன்றை, உதாரணத்துக்கு குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸை, வளர்ப்புத் திரவத்தில் அளந்து பார்க்கலாம். அதுவும் கூடியிருந்தால் நடந்தது கசிவு. அரை நாள் வேலை. இதைச் செய்யாமல் ‘சுரப்பு’ என்று எழுதுவது சோம்பேறித்தனம். தெரிந்தே எழுதினால் ஏமாற்று வேலை.

கசிவுக்குத் தண்டனையும் உண்டு. செல் கிழியும்போது வாக்குவோலில் இருக்கும் புரதம் தின்னும் நொதிகளும் வெளியே வருகின்றன. முதல் நாள் தெரிந்த புரதம் மூன்றாம் நாள் துண்டுதுண்டாகிக் கிடக்கும். தின்னும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் ரகங்களைத் தனியாக உருவாக்கி விற்கிறார்கள் என்றால், இந்தத் தொல்லை எவ்வளவு பெரியது என்று ஊகிக்கலாம்.

‘அப்படியானால் ஈஸ்ட்டிலிருந்து வைரஸ் புரதம் நேர்மையாக வெளியே வரவே வராதா?’ வரும். ஈஸ்ட்டே அதற்குச் சாட்சி.

1963-ல் பெவன், மேக்கோவர் ஆகிய இருவரும் சில ஈஸ்ட்கள் பக்கத்தில் இருக்கும் மற்ற ஈஸ்ட்களைக் கொல்வதாக அறிவித்தார்கள். ‘கொலைகார ஈஸ்ட்’ என்று பெயர். கொல்லும் நஞ்சுக்கான ஜீன் ஈஸ்ட்டுடையது அல்ல என்பது பிறகு தெரிந்தது. அது ஈஸ்ட்டுக்குள் குடியிருக்கும் எல்-ஏ என்ற வைரஸை ஒட்டிப் பிழைக்கும் ஒரு சிறிய ஆர்.என்.ஏ.வில் இருக்கிறது. இந்த வைரஸ் செல்லை விட்டு வெளியே போவதே இல்லை. செல் பிரியும்போதும் இணையும்போதும் மட்டுமே பரவும். ஆனால் அதன் துணையோடு உருவாகும் கே1 என்ற நஞ்சுப் புரதம் மட்டும் ராஜபாட்டையில் நடந்து வெளியேறுகிறது. எண்டோபிளாச வலையில் மடிந்து, கோல்கையில் கெக்ஸ்2 என்ற கத்தரியால் வெட்டப்பட்டு, செல்லுக்கு ஒரு கீறல் இல்லாமல் வெளியே வருகிறது.

இந்த ஈஸ்ட்டைச் சூட்டில் வதைத்தால் நஞ்சு கூடுமா? 37 டிகிரிக்கு மேல் வளர்த்தால் அந்தச் சிறிய ஆர்.என்.ஏ.வே தலைமுறை தலைமுறையாகத் தொலைந்து, கொலைகாரன் சாதுவாகிவிடுகிறான். 1970-களிலேயே தெரிந்த சங்கதி இது. கே1 நஞ்சு வேலை செய்வதும் குளிர்ச்சியான, லேசான புளிப்புள்ள சூழலில்தான். பல்லாயிரம் தலைமுறைகளாக ஈஸ்ட்டோடு குடித்தனம் நடத்தும் வைரஸே அதன் சௌகரியம் பார்த்து நடந்துகொள்கிறது. நேற்று வந்த பிளாஸ்மிட் மட்டும் அதட்டி வேலை வாங்கிவிடுமா?

இந்தப் பாடத்தைக் கற்றவர்கள் ஜெயித்தார்கள். கோர்பிவேக்ஸ் தடுப்பூசி அதற்கு உதாரணம். டெக்சாஸில் பீட்டர் ஹோட்டஸ், மரியா எலீனா போட்டாஸி குழு வடிவமைத்து, ஹைதராபாத்தின் பயாலஜிக்கல் ஈ தயாரித்து, 2021 டிசம்பரில் இந்தியாவில் அவசர அனுமதி பெற்ற கொரோனா தடுப்பூசி. அதில் இருப்பது கொரோனாவின் கூர்முனைப் புரதத்தின் ஒரு துண்டு, தயாரிப்பது பிக்கியா. இங்கே புரதம் நிஜமாகவே செல்லுக்கு வெளியே சுரக்கப்படுகிறது.

எப்படிச் சாதித்தார்கள்? அடித்துக் கறக்கவில்லை. முழுப் புரதத்தையும் செல்லின் தலையில் கட்டாமல், தேவையான சுமார் 220 அமினோ அமிலத் துண்டை மட்டும் எடுத்தார்கள். ஈஸ்ட் தேவையில்லாமல் நீளச் சர்க்கரைச் சங்கிலி ஒட்டிவிடும் இடம் ஒன்றை நீக்கினார்கள். தவறான ஜோடியோடு கைகோத்துக் கட்டியாகத் திரள வைக்கும் ஒரு சிஸ்டீனை மாற்றினார்கள். வழிகாட்டியாக ஈஸ்ட்டின் சொந்த இனச்சேர்க்கை ஹார்மோனின் முன்பகுதியை ஒட்டினார்கள். அந்த முன்பகுதியை வாசலில் வெட்டிவிடுவது யார் தெரியுமா? கொலைகார ஈஸ்ட்டை ஆராய்ந்தபோது கிடைத்த அதே கெக்ஸ்2 கத்தரி! 2022 மார்ச்சில் இந்தியாவில் 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் போட்டது இந்த ஊசியைத்தான். செல்லின் நெருக்கடியைக் குறைத்த வடிவமைப்பு, பள்ளிப் பிள்ளைகளின் கை வரைக்கும் வந்து சேர்ந்தது.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. மூன்றுக்கு மட்டும் பதில்.

ஒன்று, ‘கொஞ்சம் ஸ்ட்ரெஸ் நல்லதுதானே?’ உண்மை. லேசான சூட்டைப் பார்த்த ஈஸ்ட், அடுத்து வரும் கடும் சூட்டைத் தாங்கும். ஹெச்.எஸ்.பி.104 போன்ற புரதங்கள் அதற்கு உதவுகின்றன. ஆனால் தாங்குவது வேறு, சுரப்பது வேறு. பரீட்சைக்கு முந்தைய இரவு கண்விழித்தவன் பரீட்சையைத் தாங்கலாம். அவனை அன்றைக்கே மாரத்தான் ஓடச் சொல்லக் கூடாது.

இரண்டு, ‘ஹேக்1-ஐச் செயற்கையாகக் கூட்டி நெருக்கடியைச் சமாளிக்கலாமே?’ சமாளிக்கலாம், சில புரதங்களுக்கு. வேறு சிலவற்றுக்கு எந்தப் பலனும் இல்லை. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி கிடையாது என்பதைத்தான் அது காட்டுகிறது. எந்த இடத்தில் அடைப்பு என்று பார்த்த பிறகுதான் மருந்து.

மூன்று, ‘உடைத்து எடுத்தே கோடிக்கணக்கான ஊசிகள் தயாராகின்றனவே, அதில் என்ன குற்றம்?’ ஒரு குற்றமும் இல்லை. ஹெபடைடிஸ் பி ஊசி மட்டுமல்ல, 2006-ல் வந்த கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியான கார்டசிலும் ஈஸ்ட்டை உடைத்து எடுத்த புரதம்தான். அவர்கள் உடைத்ததை உடைத்ததாகவே சொல்கிறார்கள், அதற்கேற்பச் சுத்தம் செய்கிறார்கள். குற்றம் உடைப்பதில் இல்லை. உடைந்ததை ‘சுரந்தது’ என்று கணக்கெழுதுவதில் இருக்கிறது.

எனவே அடுத்த முறை யாராவது ‘ஈஸ்ட்டில் வைரஸ் புரதம் எடுத்தோம்’ என்று ஸ்லைடு போட்டால், ஜீனைப் பற்றிக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். எத்தனை செல் உயிரோடு இருந்தது? சைட்டோபிளாச நொதி வெளியே இருந்ததா? எண்டோபிளாச வலையில் எவ்வளவு தேங்கியது? வெப்பநிலையைக் குறைத்துப் பார்த்தீர்களா? இந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் இருந்தால் அது ஆராய்ச்சி. இல்லையென்றால், செத்த மாட்டின் மடியில் சொட்டிய பாலைக் காட்டிக் கறவை மாடு என்று விற்கிற வியாபாரம்.

ஈஸ்ட் தொழிற்சாலை அல்ல, ஓர் உயிர். அதற்கும் மூச்சு முட்டும்.